எக்கோல் துர்கா

தவளக்குப்பத்தில் குடியிருக்கும் ஹரிகிருஷ்ணனும் அவர் மனைவி துர்காவும், எட்டு வயது மகள் அபியை இனிப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, வீட்டிலேயே படிக்க வைப்பது என்று ஒரு ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டபடியே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

காரணம் சின்னதுதான். "மழை ஏன் மிஸ் சாய்ஞ்சி பெய்யுது?" என்று அபி வகுப்பில் கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றார்கள். அன்றோடு அபி கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். மேட்டுப்பாளையம் சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த ஹரிகிருஷ்ணனுக்கு அது தாங்கவில்லை. துர்காவோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டு தேவதாஸ் ஆட்சேபம் தெரிவித்தார்.

"பிள்ளை நாலு பேரோட பழக வேணாமா?"

"வகுப்புல பேசுனா பெஞ்சு மேல ஏத்துறாங்க சார். யாரோட பழகுறது?" என்றாள் துர்கா.

"ஒழுக்கம் வருமே."

"இவருக்கு வந்திருக்கே. மேனேஜர் முன்னாடி வாயே திறக்க மாட்டாரு."

ஹரிகிருஷ்ணன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் நேர்மையான மனிதர். அரசாங்கத்துக்குத் தெரியாமல் பிள்ளையைப் படிக்க வைப்பது தப்பு என்று பட்டது. அரை நாள் லீவு போட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் ஜானகிராமன் அன்போடு உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பள்ளிக்கு வராத பிள்ளைன்னா மூணு வகைதான் இருக்கு. இடைநின்றவர், இடம்பெயர்ந்தவர், காலமானவர். எது போடட்டும்?"

"மூணும் இல்ல சார். வீட்ல படிச்சிட்டிருக்கா."

ஜானகிராமன் மூன்று வகைகளையும் இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தார். "அப்ப ஒரே வழி. வீட்டையே பள்ளிக்கூடமா பதிவு பண்ணிடுங்க."

விதிமுறைகள் வந்தன. மொட்டைமாடி விளையாட்டுத் திடல் ஆனது. காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மணல் வாளி தொங்கியது. ஆண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்ட இடமில்லாததால், ஹரிகிருஷ்ணன் காலையில் கம்பெனிக்கு முன்கூட்டியே கிளம்பலானார். பெற்றோர் ஆசிரியர் கூட்டம் கட்டாயம் என்றார்கள். தலைமையாசிரியை துர்கா, பெற்றோர் துர்காவுக்குக் கடிதம் அனுப்பினாள். பெற்றோர் துர்கா பத்து நிமிஷம் தாமதமாக வந்தாள். ஒத்துழைப்பு திருப்தி இல்லை என்று பதிவேட்டில் ஏறியது.

"பேரைப் பிரெஞ்சுல வைம்மா. எக்கோல்னா பள்ளிக்கூடம்" என்றார் தேவதாஸ். எக்கோல் துர்கா என்று போர்டு மாட்டினார்கள்.

ஆண்டுப் பரீட்சையை ஒரே மாணவி எழுதினாள். அவள் தேறியதும், நூறு சதவீதத் தேர்ச்சி என்று அலுவலகப் பட்டியலில் எக்கோல் துர்கா முதலிடத்துக்கு வந்தது.

மறுநாள் வாசலில் கோரிமேடு வரைக்கும் உள்ள பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக, பேரனைப் பிடித்துக்கொண்டு ஜானகிராமன்.

"சார், நீங்களா?"

"ஆபீஸ் வேற, பேரன் வேற."

துர்காவால் யாரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெற்றோர்கள் டை கேட்டார்கள், ஷூ கேட்டார்கள். "ஹோம்வொர்க் இல்லாம அது என்னங்க ஹோம் ஸ்கூல்?" என்று கோபித்துக்கொண்டார்கள். கூட்டம் மேலும் பெருகவே, ஜானகிராமன் தலைமையில் பெற்றோர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள்; இனி ஆண்டுதோறும், ஏற்கெனவே படிப்பவர்கள் உட்பட எல்லாருக்கும் நுழைவுத் தேர்வு என்று அது முடிவு செய்தது.

அந்தத் தேர்வில், மரத்தில் இருபது பறவைகள், மூன்றைச் சுட்டால் மீதி எத்தனை என்று ஒரு கணக்கு. 'எதுக்குச் சுட்டாங்க?' என்று எழுதியிருந்தாள் அபி. மற்ற கணக்குகளுக்கும் அந்த மாதிரிதான். துர்கா அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். கண் கலங்கியது. ஆனால் சுற்றிலும் கமிட்டி உட்கார்ந்திருந்தது.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா" என்றார் ஜானகிராமன்.

அபிக்கு இடமில்லை. ஹரிகிருஷ்ணன் அவளைப் பழைய பள்ளியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சாயங்காலம் அழைத்து வந்தபோது இங்கே ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. கேட் பூட்டியிருந்தது. அப்பாவும் மகளும் தங்கள் வீட்டுக்கு வெளியே நின்றார்கள். பக்கத்தில் காத்திருந்த ஒரு தாயார் அபியின் யூனிஃபார்மைப் பார்த்து, இரக்கத்தோடு ஹரிகிருஷ்ணனிடம் சொன்னார்.

"பொண்ணுக்கு இங்க கிடைக்கலியா? பரவால்ல சார், மனசத் தளர விடாதீங்க. வீட்ல வச்சாவது நல்லா சொல்லிக் குடுங்க."