பின்சக்கரத்தைத் திருப்பினவன்

"நண்டு மாதிரி பக்கவாட்டுல வாடான்னா, வாலை ஆட்டுறியே! உனக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தி முடிப்பதற்குள், மருந்துக்கடையின் பெயர்ப்பலகை பாதியாக முறிந்து தெருவில் விழுந்தது. மிச்சப் பாதி ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டு ஆடியது. கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்.

அவர் திட்டியதில் தப்பில்லை. ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு, வீடு அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மரை முதுகில் ஏற்றிக்கொண்டு, ரயில்பெட்டி நீளத்துக்கு ஒரு டிரெய்லர் நின்றால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

அந்த டிரெய்லருக்கு முன்சக்கரம் மட்டும் திரும்பினால் போதாது. எல்லாச் சக்கரமும் திரும்பும். நல்ல சாலையில் அது தானாகவே நடக்கும். முன்னால் இருப்பவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பின்சக்கரங்கள் இடப்பக்கம் ஒடிந்து, அவ்வளவு நீள வண்டியும் சின்ன வட்டத்தில் வளைந்துவிடும். ஊருக்குள் வந்தால் மட்டும் பின்சக்கரத்தை ஓர் ஆள் கையில் கொடுப்பார்கள். வண்டியோடு கேபிளில் இணைத்த ஒரு ரிமோட் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் வண்டிக்குப் பின்னால் நடந்தே வருவார். கம்பத்தையோ சுவரையோ விட்டு விலக வேண்டுமென்றால், முன்சக்கரம் போகும் பக்கமே பின்சக்கரத்தையும் திருப்புவார். வண்டி அப்படியே நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். முன்னவரும் பின்னவரும் ஒரே மனதாக இருந்தால் பார்க்கவே அழகாக இருக்கும்.

இந்த வண்டியின் முன்னவருக்கும் பின்னவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

பின்னால் நடந்துவந்தவன் டிரைவரின் தங்கை புருஷன். தங்கை கெஞ்சினாள் என்று டிரைவரே சிபாரிசு செய்து வாங்கிக்கொடுத்த வேலை அது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வாயைத் திறக்கும் வரைக்கும். டிரைவர் தங்கை வீட்டு வாசலில் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கையில், "மச்சான், வண்டியைக் கோணலா நிறுத்தியிருக்கீங்க" என்றான்.

இருபது வருஷமாக மலையைப் பெயர்த்து வைத்தது போன்ற சுமைகளைக் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவரிடம்! ஒரு ஸ்கூட்டரைப் பற்றி! எல்லோரும் சிரித்துவேறு வைத்தார்கள். டிரைவர் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் வேலையில், "இனிமே என்கிட்ட வாயைத் திறக்காதே. திறந்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று சொன்னவர்தான். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் சூப்பர்வைசர் ஓடிக்கொண்டிருந்தார்.

இப்போதும் ஓடிவந்தார். ஆபீஸிலிருந்து புதிதாக வந்தவர் அவர். சக்கரம் உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் இந்தத் தொழிலில் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார்.

"என்ன டிரைவரே, போர்டை உடைச்சிட்டீங்க?"

"நானா உடைச்சேன்? கம்பம் இடிக்கும்னு நான் வலப்பக்கம் ஒடிக்கிறேன். அவனும் வலப்பக்கம் ஒடிக்கணும். அவன் இடப்பக்கம் ஒடிக்கிறான். வாலு நேரா கடைக்குள்ள போகுது. வேணும்னே பண்றான் சார்! போய்ச் சொல்லுங்க, நண்டு நடைன்னா என்னன்னு!"

சூப்பர்வைசர் வண்டியின் நீளம் முழுக்க ஓடினார். பக்கக் கண்ணாடியில் டிரைவருக்கு மாப்பிள்ளையின் தலையும் கைகளும் மட்டும் தெரிந்தன. அவன் பெட்டியைத் தட்டித் தட்டி என்னமோ சொன்னான். சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் காதில் வைத்துக்கொண்டார்.

"சார், இந்தப் பெட்டி இருக்கே, காலையில..."

"ஐயா சாமி, காலையில நடந்தது, போன மாசம் நடந்தது எதுவும் எனக்கு வேண்டாம். உங்க குடும்பச் சண்டைக்கு நான் தபால்காரன் இல்ல. முன்னால இருந்து வர்ற ஆர்டரை மட்டும் சொல்வேன். நண்டு மாதிரி வரணுமாம். அவ்வளவுதான்."

அவர் திரும்பி நடந்ததும் மாப்பிள்ளை பெட்டியைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கி, கண்ணாடியைப் பார்த்து ஆட்டினான்.

"பாருங்க சார், பெட்டியைத் தூக்கிக் காட்டி மிரட்டுறான்! எறிஞ்சிட்டுப் போயிடுவேங்கிறான்!"

"வண்டியை எடுங்க டிரைவரே. மதியத்துக்குள்ள சந்திப்பைத் தாண்டலைன்னா போலீஸ் விடாது."

"காலையிலேருந்து அதைத்தானே நானும் கத்துறேன். 'மெக்கானிக் ஏதோ வாங்கப் போயிருக்கான், அவன் வரட்டும்'னு ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தீங்க. நான் கத்தலைன்னா இன்னும் கிளம்பியிருக்கவே மாட்டீங்க."

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் நேரான தெரு. டிரைவர் ஸ்டியரிங்கை ஆடாமல் பிடித்தார். வண்டியின் வாலும் பசுமாடு போலப் பின்னாலேயே வந்தது.

"பயம் வந்திருச்சு" என்றார் டிரைவர், யாரிடமோ.

அந்தத் திருப்தி நாற்காலிக்கடை வரைக்கும்தான். வலப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி. அதைத் தாண்டியதும் வலப்பக்கம் நகர வேண்டும். டிரைவர் மெதுவாக ஒடித்தார். வால் மெதுவாக இடப்பக்கம் போயிற்று. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் சரசரவென்று சரிந்தன. உள்ளேயிருந்து அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் சாதுவாகத் தெரிந்தார்.

டிரைவருக்குக் காது மடல் சுட்டது. இறங்கிப்போய் ஓர் அறை விடலாம் என்று கதவில் கை வைத்தபோது போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, கோவிச்சுக்காம கேளு. அவர் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்தப் பெட்டியில..."

"வேலை நேரத்துல பொண்டாட்டியை விட்டு சிபாரிசா? மன்னிப்புக் கேக்கணும்னா நேர்ல வந்து கேக்கச் சொல்லு!"

"ஐயோ, மன்னிப்பு இல்லண்ணே. சக்கரம்..."

"சக்கரத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா? உங்க வீட்டுல எல்லாருக்குமே வண்டி ஓட்டத் தெரியும் போல!"

போனை அணைத்து டேஷ்போர்டில் வீசினார். அது வழுக்கி அவர் காலடியிலேயே விழுந்தது. அதையும் திட்டினார்.

கோபத்தில் சிலருக்கு மூளை மழுங்கும். டிரைவருக்குக் கூர்மையாகும், அதுதான் ஆபத்து. அவருக்கு ஒரு யோசனை வந்தது. இவன் நான் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் போவான். அப்படியானால் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் நான் ஒடித்தால்? வேணும்னே செய்கிறவனுக்கு வேணும்னே செய்துதான் பாடம் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சந்திப்பு வந்தது. இடப்பக்கம் சுவரிலிருந்து வால் விலகி, வலப்பக்கம் வர வேண்டும். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார், அதுவும் முழுசாக.

வால் சொல்லி வைத்தது போல் வலப்பக்கம் வந்தது. வந்தது மட்டுமில்லை, அங்கே சூப்பர்வைசர் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை மதில் சுவரோடு சேர்த்து அப்பளமாக நசுக்கியது. அதே நேரத்தில் வண்டியின் மூக்கு இடப்பக்கம் விளக்குக் கம்பத்தில் போய் முட்டி நின்றது. இப்போது வண்டி சந்திப்பில் குறுக்காகக் கிடந்தது. முன்னே போகவும் வழியில்லை, பின்னே வரவும் வழியில்லை. நாலு தெருவிலிருந்தும் ஹாரன் கிளம்பியது.

"பார்த்தீங்களா சார்!" டிரைவர் குதித்து இறங்கினார். "நான் இந்தப் பக்கம் ஒடிச்சா அவன் அந்தப் பக்கம். இப்பவாவது நம்புறீங்களா?"

சூப்பர்வைசர் தரையில் குனிந்தார். போன வாரம்தான் வாங்கிய மோட்டார் சைக்கிளின் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. இவ்வளவு நாள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி விழுங்கிய கோபமெல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது. அவர் ஆபீஸுக்குப் போன் செய்து பேசினார். கூட்டம் கூடியது. மருந்துக்கடைக்காரர் வந்தார். நாற்காலிக்கடை அம்மாவும் மகளும் வந்தார்கள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார் சூப்பர்வைசர். "தப்பு யார் மேலயோ, அவர் இன்னையோட வீட்டுக்குப் போகணும். என்னை முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேர்ல யாரு?"

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? இடிச்சது எல்லாம் வாலு. வாலைத் திருப்பினது பின்சக்கரம். பின்சக்கரத்தைத் திருப்பினவன் போகணும்!"

மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் அந்தப் பெட்டி. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி யாரும் கேட்காமல், அவன் முகமும் கறுத்துப் போயிருந்தது. வாயைத் திறந்தான்.

"நீ பேசாதே!" என்று டிரைவர் உறுமினார்.

மாப்பிள்ளை வாயை மூடினான். பிறகு, மெல்ல ஏதோ யோசனை வந்தவன் போல, மீண்டும் திறந்தான். ஆனால் சூப்பர்வைசரைப் பார்த்துத்தான் பேசினான்.

"சரி சார். எனக்குச் சம்மதம். இன்னைக்குப் பின்சக்கரத்தைத் திருப்பினவர் யாரோ, அவர் வீட்டுக்குப் போகட்டும். மச்சானை எல்லார் முன்னாடியும் இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

டிரைவருக்கு ஒரு கணம் தங்கை நினைவுக்கு வந்தாள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நாளைக்கு அவள் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் ஸ்கூட்டரும் நினைவுக்கு வந்தது, அன்றைய சிரிப்பும் வந்தது. கோபம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

"ஆயிரம் வாட்டி சொல்வேன்! காலையிலேருந்து பின்சக்கரத்தைத் திருப்பினவன் எவனோ, அவனுக்கு இந்த வேலை லாயக்கில்ல. அவன் என் சொந்தமா இருந்தாலும் சரி, நான் பரிஞ்சு ஒரு வார்த்தை பேச மாட்டேன். எல்லாரும் சாட்சி!"

"சாட்சி" என்றார் மருந்துக்கடைக்காரர், மனப்பூர்வமாக.

"முடிவாயிடுச்சு" என்றார் சூப்பர்வைசர், கையிலிருந்த கண்ணாடித் துண்டைக் கீழே போட்டபடி.

அப்போது ஹாரன்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஒரு மொபெட் வந்து நின்றது. காலையில் போன மெக்கானிக். தோளில் சுருட்டி மாட்டிய புத்தம்புதிய கறுப்புக் கேபிள். வேர்த்து விறுவிறுத்து, நடந்த எதுவும் தெரியாமல், டிரைவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அண்ணே, பெட்டிக்குக் கேபிள் கிடைச்சிருச்சு, பாவம், பழசை நான் கழட்டிக்கிட்டுப் போனதுலேருந்து முன்சக்கரம், பின்சக்கரம் ரெண்டையும் நீங்க ஒருத்தரே திருப்பிக்கிட்டு இருக்கீங்களே, மாப்ள சொன்னாரா?"