கஞ்சியை எடை போட்ட கம்பவுண்டர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. நான் பார்த்தவரையில் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் இரட்டைக் கம்பவுண்டரை மிஞ்சிய கிறுக்கர் கிடையாது.

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர். இரட்டையாக எதைக் கண்டாலும் விடமாட்டார். ஒட்டிய வாழைப்பழம் கிடைத்தால் பிரித்து, இரண்டும் ஒரே இனிப்பா என்று தின்று பார்ப்பார். என் இரட்டைப் பெண்கள் எஸ்தரும் ரூத்தும் அவருக்குப் புதையல். ஒரே அச்சு முகம். ஆனால் இரண்டு வயதில் எஸ்தர் பூசணிக்காய், ரூத்து முருங்கைக்காய்.

என் மாமியார் போடியிலிருந்து வந்து நின்றார். “ஏட்டி, மூத்தவளுக்குக் கஞ்சி, இளையவளுக்கு வெறுந்தண்ணியா? சின்னவள நான் தூக்கிட்டுப் போறேன்.”

“ரெண்டுக்கும் ஒரே கஞ்சிதான், சின்னவளுக்கு ஒட்டல” என்றேன். என் பிள்ளையை நான் விடுவேனா? கம்பவுண்டர் குறுக்கே வந்தார். “இருங்கம்மா, நிறுத்துப் பாத்திருவோம்.”

கொழுந்து நிறுக்கும் தராசில் இரண்டு கஞ்சிச் சட்டிகளையும் தொங்கவிட்டார்கள். வரிசை வீடுகளில் இருந்த சனம், லயமே கூடி நின்றது. அன்றைக்கு மழை. எடை இரண்டும் ஒன்றுதான், ஆனால் ரூத்தின் சட்டியில் மழைத் துளிகள். நனைந்த கொழுந்துக்குக் கழித்தே பழகிய கணக்கப்பிள்ளை உரக்கச் சொன்னார்: “ஈரம், கால் கிலோ கழிவு.”

“பாத்தியளா, சின்னவளுக்குக் கொறையுது!” என்று மாமியார் குதித்தார்.

“வே, ஈரமில்லாம கஞ்சி என்ன கருங்கல்லா?” என்று கம்பவுண்டர் கத்தினார். பிறகு மாமியாரிடம் திரும்பினார். “ஒரு மாசம் நீங்களே ஊட்டுங்க.”

ஊட்டினார். முட்டை, நெய், ஆட்டுக்கால் சாறு எல்லாம். மாதம் முடிந்து பிள்ளைகளைக் கூடையில் வைத்து நிறுத்தார்கள். எஸ்தர் ஏறியிருந்தாள். ரூத்து அப்படியே இருந்தாள்.

“மேல ஒட்டலன்னா நான் என்ன செய்ய?” என்றார் மாமியார்.

“அதத்தானே ஒங்க மருமகளும் சொல்லிச்சு. ரெண்டும் ஒரே புஸ்தகம்மா. சின்னவளுக்கு ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டுத் திறக்கல. அதுக்குத் தாய் என்ன பண்ணுவா?” என்றார் கம்பவுண்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்காமல், பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

இப்போது ரூத்தின் மகள் லில்லி காலேஜில் படித்து வந்து சொல்கிறாள்: ஜீனின்மேல் மெத்தில் என்று ஒன்று ஒட்டி, அதை வேலை செய்யவிடாமல் அடைத்துவிடுமாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கும் அந்த ஒட்டு ஆளுக்கு ஆள் மாறுமாம். ரூத்துக்கு அதுதானா என்று அவளுக்கும் தெரியாது.

கம்பவுண்டர் மாற்றலாகிப் போன அன்று நான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார். நான் நிமிரவில்லை, நிமிர்ந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் அழுதிருப்பேன்.

லில்லி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இந்தக் கடைசி இடத்தைக் கொஞ்சம் வாசி, கேட்கிறேன்.