சுற்றியிருப்பவர்களைக் கேட்டுவிட்டு ஊதவும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது,

நானும் பட்டாணியும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள், உன் முழங்கால் வலி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் மீதிக் கதையை நீயே சொல்லி முடித்து, எனக்கு ஆறுதலும் சொல்லிவிடுவாய். இது அப்படி முடிக்கக்கூடிய கதை இல்லை. நேற்று நடந்ததிலிருந்து என் புத்தி ஓர் இடத்தில் நிற்கவில்லை. இன்று காலை நம் கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவருக்கு அவருடைய மனைவியின் கண்ணாடியை மாட்டிவிட்டு, இப்போது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அவரும் பாவம், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

அத்தான் அலுவலகத்து லிஃப்ட் இன்ஸ்பெக்டரைச் சந்திக்க நான் ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? பட்டாணிக்கு அவரைப் பிடிக்க வேண்டும். அவள் அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் ஒரு குடித்தனத்தை ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறோம். அதில் மூன்றாவதாக ஒருவர் நுழைய வேண்டுமென்றால், வயது ஏழுதான் என்றாலும் அவளுக்கும் ஓட்டு உண்டு. அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். இதை உன்னிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எங்கே மாட்டேன் என்றுவிடுவாளோ என்று பத்து நாளாக எனக்கு உள்ளுக்குள் உதறல். நீயோ உத்தரவு மேல் உத்தரவு போட்டாய். நீல உடை போட்டுக்கொள், பதினொன்றரைக்கு மணிக்கூண்டு அடியில் நில், முதல் சந்திப்பிலேயே லென்ஸ் பற்றிப் பேசாதே, முக்கியமாக அந்தச் சோப்புக் குமிழிச் சனியனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

வைத்துவிட்டுத்தான் போனேன் அக்கா. அலமாரியின் மேல் தட்டில், பழைய ஃபிரேம் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போனேன். ஆனால் அந்தக் கேளிக்கைப் பூங்காவின் வாசலில், பத்து வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் டிக்கெட்டோடு ஒரு குமிழி பாட்டில் இனாமாகக் கொடுக்கிறார்கள். பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கிறார்களா என்றால் இல்லை. உள்ளே போனால் ஆயிரம் குழந்தைகள், ஆயிரம் பாட்டில்கள். ஒரு பையன் தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையின் மூக்கு நுனியைக் குறிபார்த்து ஊதுகிறான், அவன் அப்பா அதைப் படம் பிடிக்கிறார். ஒருவர் காப்பிக் கோப்பையைத் திறந்தார், அதில் ஒரு குமிழி இறங்கி உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு குடித்துவிட்டார்.

நம் வீட்டில் இப்படியா? முன்பு ஒருமுறை பட்டாணி கடையில் ஊதிய குமிழி, புதுக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணோரத்தில் உடைந்து அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாரே, அன்றே நான் குமிழி ஒழுக்கம் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு மேலே கூடாது. கண்ணாடி போட்டவர்களின் முகத்துக்கு நேரே கூடவே கூடாது. இதற்கெல்லாம் முன்னால், சுற்றியிருப்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் ஊத வேண்டும். நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று நேற்றுக் காலை பத்தரை மணி வரைக்கும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு இன்னும் நேரம் இருந்ததால் சுழலும் கோப்பை ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். வரிசை என்றால், கம்பி கட்டி எட்டு மடிப்பு மடித்துவிட்ட வரிசை, இருநூறு பேர் இருக்கும். எனக்கு முன்னால் நின்றவரின் கண்ணாடியில் குமிழி உடைந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா, கழற்றிச் சட்டை நுனியால் தேய்த்தார். எனக்குப் பெற்ற வயிறு பற்றியெரிந்தது. கொடுங்கள் என்று வாங்கி, என் பையிலிருந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்து, கண்ணாடித் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அவர் உலகத்தையே புதிதாகப் பார்த்தது போல் நின்றார். உடனே பக்கத்திலிருந்த பெண் தன் கண்ணாடியை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசைக்குள்ளேயே எனக்கு ஒரு தனி வரிசை உண்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பட்டாணி என் கையை இழுத்து, அம்மா, நான் ஊதலாமா என்றாள். நான் நிமிராமலே, "ரூல் தெரியும்ல, சுத்தி இருக்கறவங்களைக் கேளு" என்றேன். ஐந்தாறு பேரைக் கேட்டுவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். அவள் யார் பெண் என்பதை மறந்துவிட்டேன்.

ஏழாவது கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் பட்டாணி இல்லை.

மஞ்சள் தொப்பி, இத்தனை உயரம், முன்பல் ஒன்று இல்லை என்று கேட்டுக்கொண்டே கம்பிகளுக்கு நடுவில் புகுந்து ஓடினேன். யாரைக் கேட்டாலும் முகம் மலர்ந்தது. "ஓ, பர்மிஷன் கேட்ட பாப்பாவா? நான் சரின்னு சொல்லிட்டேனே" என்றார்கள். எல்லோரும் சரி சொல்லியிருந்தார்கள், ஏதோ தர்மம் செய்த முகத்தோடு. ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளை ஏறிட்டுப் பார்த்தவர்கள் யாருமே இல்லை, செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே சரி சொல்லியிருக்கிறார்கள். நடுவில் இரண்டு பேர் நான் வரிசை தாண்டுகிறேன் என்று சண்டைக்கு வந்தார்கள். ஐந்தாவது மடிப்பில் தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த அந்த நீல உடையோடு நான் நச்சென்று உட்கார்ந்தேன். செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு கம்பிக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தேன்.

வெளியே, மூடிக்கிடந்த ஒரு டிக்கெட் அறைக்குப் பக்கத்துப் புல்தரையில் பட்டாணி நின்றாள். பாட்டில் கையில், மூடி திறக்காமல். அவளுக்கு ஐந்தடி தள்ளிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார், கண்ணாடி போட்டவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காவலாளி. எனக்கு உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்தது. யார் நீங்கள், என் குழந்தையை எதற்கு வரிசையிலிருந்து வெளியே அழைத்து வந்தீர்கள் என்று நான் பிடித்த பிடியில் ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூச்சு வாங்கியபோதுதான் அவர் சொன்னார். "குழந்தை தனியா வந்துதுங்க. அம்மா எங்கன்னு கேட்டேன், கண்ணாடி தொடைக்கிறாங்கன்னுச்சு, எனக்குப் புரியல. நான் மட்டும் கூட நிக்கறது சரியில்லன்னுதான் இவரையும் கூப்பிட்டேன்."

நியாயமான பதில்தான். ஆனால் எனக்கு அது காதில் ஏறவில்லை, ஏனென்றால் அவருடைய கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருந்தது. காதில் மாட்டும் கம்பி வளைந்து கிடந்தது, மூக்கின் ஒரு பக்கம் சிவந்திருந்தது. சத்தியமாக நானாகச் செய்யவில்லை அக்கா, கை தானாகப் போனது. திட்டிக்கொண்டே அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, திட்டிக்கொண்டே கம்பியை நிமிர்த்த ஆரம்பித்தேன். கண்ணாடி இல்லாத அவர் கொக்கி கழன்ற திரைச்சீலை மாதிரி நின்றார். காவலாளிக்கு இதில் தன் வேலை எது என்று புரியவில்லை. மணிக்கூண்டில் அரை மணிக்கான அடி விழுந்தது. அவர் பதறிப்போனார். "மன்னிச்சுக்கங்க, பதினொன்னரைக்கு ஒருத்தரைப் பார்க்கணும், நீல டிரெஸ்ல வருவாங்க. கண்ணாடியைக் குடுத்தீங்கன்னா போயிடுவேன்."

நான் என்னையே குனிந்து பார்த்துக்கொண்டேன். நீலம்தான், முட்டிக்குக் கீழே சோப்பு நுரை. எங்கேயும் அவசரமாகப் போக வேண்டாம், கண்ணாடி சரியான ஆளிடம்தான் இருக்கிறது என்று சொல்லி மாட்டிவிட்டேன். அவர் என்னை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தார். ஒற்றைச் செருப்பு, கலைந்த தலை, கையில் துடைக்கும் துணி. லென்ஸ் பற்றிப் பேசாதே என்றாயே, ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது பட்டாணி வாயைத் திறந்தாள். "அம்மா, நூத்தி நாப்பத்தி ரெண்டு பேர் சரின்னாங்க. இவர் ஒருத்தர்தான் வேண்டாம்னாரு." அவள் ஓட்டு போட்டாயிற்று என்றே நினைத்தேன். அவரோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வரிசையில் கூட்டம், தரை வழுக்குகிறது, யாராவது விழுந்துவிடுவார்கள் என்று சொன்னேன், வெளியே காலி இடம் இருக்கிறது, அம்மாவைக் கேட்டுவிட்டு அங்கே ஊதலாம் என்றும் சொன்னேன், குழந்தை உடனே வெளியே நடந்துவிட்டது, தனியாக விட மனமில்லாமல் பின்னாலேயே வந்தேன் என்று அதிகாரிக்கு அறிக்கை கொடுப்பது போல் ஒப்பித்தார். தான் வரிசையில் நின்றதே ராட்டினத்து மோட்டாரின் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்கத்தான் என்றும் ஒப்புக்கொண்டார். பட்டாணி அதையெல்லாம் காதில் வாங்காமல் என்னிடம் சொன்னாள். "மத்தவங்க யாருமே என்னைப் பார்க்கலம்மா. இவர் மட்டும் குனிஞ்சு, எந்தப் பக்கம் ஊதப் போற, எவ்வளவு ஊதுவன்னு கேட்டாரு."

நானும் நிமிராமல்தானே அவளுக்குப் பதில் சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது அக்கா. நுரை கண்ணில் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு அவள் விரலை நனைத்துக் காற்றுப் பார்த்து, எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கி ஊதினாள். அப்புறம் அவர் அவளிடம் அனுமதி கேட்டுத் தானும் ஊதினார். ஒரு குமிழிகூட வரவில்லை, சட்டை மட்டும் நனைந்தது. அவள் சிரித்த சிரிப்பை அங்கிருந்தே நீ கேட்டிருக்கலாம். காவலாளிதான் நன்றாக ஊதினார்.

ஆனாலும் நீ துள்ளிக் குதிக்காதே. ஒன்றும் முடிவாகவில்லை. மூன்று மாதம் நிதானமாகப் பழகிப் பார்ப்பது என்று இரண்டு பேரும் பேசியிருக்கிறோம். அதுவரை இந்த விஷயம் உனக்கும் அத்தானுக்கும் தவிர ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. முக்கியமாக எங்கள் குடியிருப்பில் ஒருவர் காதிலும் விழக் கூடாது. பட்டாணிக்கே அவர் அத்தானின் நண்பர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவளிடம் பக்குவமாக, நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்வேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், பெரியவன் வேண்டாம் என்றால் தோளில் ஒரு தட்டு. உன் முழங்கால் சீக்கிரம் மாடி ஏறட்டும். உன் வீட்டில் எல்லாம் நிறைவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைப் பாதியாவது கேட்ட தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்று சாயங்காலமாகிவிட்டது. கடையிலிருந்து வந்தால் மாடிப்படியில் எதிர்வீட்டு நர்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நான் சரின்னு சொல்லிட்டேன் என்றார். மேல்மாடி டிரைவர், அவர் மனைவி, தண்ணீர் மோட்டார் போடுகிறவர், எல்லோரும் சரி சொல்லிவிட்டார்களாம். பட்டாணி நோட்டும் பென்சிலுமாக மூன்று மாடியும் ஏறி இறங்கி, எங்கம்மா அந்த அங்கிளைக் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். உன்னிடம் யார் சொன்னது என்று அவளைக் கேட்டால், நேத்து நீ அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் துடைச்சியே, அதுலயே தெரிஞ்சிடுச்சு என்கிறாள். இருபத்து மூன்று வீடுகள் சரி. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, உங்கம்மாவைக் கேட்டியா என்று கேட்டிருக்கிறார். உடனே ஓடி வந்து என் முன்னால் நின்று கேட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, குனிந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னேன். இனி மூன்று மாதமெல்லாம் இல்லை, தேதி பார்க்கச் சொல்லு. நோட்டில் பாக்கி இருப்பது பெரியம்மா பெயர் மட்டும்தான், நாளைக்குப் போன் செய்வாள். எடுத்தவுடனே சரி என்று சொல்லிவிடாதே அக்கா, அவளிடம் இரண்டு கேள்வியாவது கேள்.