பல்லை இளித்த காப்பீடு

ஊருக்கெல்லாம் ஒரு விஷயத்தை விளக்கக் கிளம்புகிறவன், தனக்கு வேண்டிய வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுவான். சந்தேகம் இருந்தால் என் முன்பல்லைப் பாருங்கள். (அது ஒரிஜினல் இல்லை.)

கல்யாணத்துக்கு முன்னால், கொல்லிமலை வளப்பூர் நாட்டில் மிளகு வாங்கி விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு வருஷம் எங்கள் மருத்துவச் செலவுக்கு இரண்டு திட்டங்கள் வந்தன. ஒன்று கோ-பே காப்பீடு: வைத்தியச் செலவில் ஒரு சிறு பங்கை நாம் கட்டினால், மீதியைக் காப்பீட்டுக்காரர்கள் கட்டுவார்கள். மற்றது சேமிப்புக் கணக்கு: பெரிய வியாதிக்கு மட்டும் காப்பீடு, சில்லறை வைத்தியத்துக்கு மாதாமாதம் கம்பெனி நம் பெயரில் பணம் போடும், செலவாகாதது நமக்கே. ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுத்தால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

"நீதான் படிச்சவன். எல்லாருக்கும் வெளங்கற மாதிரி சொல்லிப்போடு கண்ணு" என்றார் மேனேஜர்.

சொன்னேனா? முழங்கினேன்!

"சேமிப்புன்னா நம்ம காசை நாமளே திங்கறதுங்க. காப்பீடுன்னா அடுத்தவன் காசு!"

கைதட்டல். மொத்த ஆபீசும் கோ-பேயில் சேர்ந்தது. டிரைவர் செல்வம் மட்டும் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்ததால், மேனேஜரே அவரைச் சேமிப்பில் போட்டுவிட்டார். பாவம் என்று நினைத்தேன்.

திட்டம் அமலுக்கு வந்த அன்று சாயங்காலம், டீயோடு வறுத்த பலாக்கொட்டை வந்தது. வெற்றிக் களிப்பில், தோலை உரிக்க முன்பல்லை உபயோகித்தேன். 'கடக்' என்றது. துப்பினால் தோலோடு பாதிப் பல்லும் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

கிடங்குக்குப் பின்னால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று காப்பீட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டேன். அரைமணி நேரம் வீணை வாசித்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"சார், பல் வைத்தியம் உங்க பாலிசில வராது. விபத்துல உடைஞ்சா மட்டும்தான்."

"விபத்துதாங்க!" (பாதி காற்றாகத்தான் வந்தது.)

"எப்படி ஆச்சு சார்?"

"பலாக்கொட்டை கடிச்சேன்."

"அது சாப்பாடு சார்."

"சரிங்க, என் பங்கு எவ்வளவு கட்டணும்?"

"முழுசும் உங்க பங்குதான் சார்."

கொதிப்போடு திரும்பினால் எதிரே செல்வம். "எனக்குக் கண்ணாடி போடோணுமுங்க சார். பல்லு, கண்ணு எல்லாத்துக்கும் அந்தக் கணக்குல எடுத்துக்கலாமாமுங்க. நீங்க எதுல சேந்தீங்க?"

வாயைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்துவிட்டேன்.

பல் டாக்டரோ, புதுப் பல் ஞாயிற்றுக்கிழமைக்குள் தயாராகாது என்று கைவிரித்துவிட்டார். "வாயத் தொறக்காத சாமி" என்று எச்சரித்து அம்மா என்னை அழைத்துப் போனார். பெண்ணின் அப்பா கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கும் தலையாட்டினேன். "ஏனுங்க, மாப்பிள்ளை பேசுவாருங்களா?" என்று அவர் பயந்தே போனார்.

"ரொம்ப அடக்கமுங்க" என்றார் அம்மா.

பெண் கவிதா நம்பவில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். "இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க. ஊமை வேசம் எதுக்கு?" என்று சீறினாள். வேறு வழியின்றி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பலாக்கொட்டை முதல் 'முழுசும் உங்க பங்கு' வரை சொல்லி முடித்தேன்.

"கையை எடுங்க, பாக்கலாம்."

எடுத்தேன். அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், உள்ளே இருந்தவர்கள் நிச்சயதார்த்தத் தேதியையே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுவருஷம் திட்டத்தை மாற்றும் நேரம் வந்தது. பட்டது போதும் என்று நான் சேமிப்புக் கணக்கை எடுத்தேன். என்னைப் பார்த்து எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நான் எதை எடுத்தேன் என்று விசாரித்துவிட்டு, மொத்த ஆபீசும் மற்றதை எடுத்தது.

இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாருக்காவது யோசனை சொல்ல நான் தொண்டையைக் கனைத்தால் போதும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து கவிதா குரல் கொடுப்பாள்:

"மொதல்ல பல்லக் காட்டுங்க, அப்பறம் பேசுங்க!"