நடுவில் எங்கும் நிற்காத பேருந்து

இனி என் ஆயுசில் விடிகாலை நாலு மணி என்ற ஒன்று கிடையாது. எங்கள் பாக்கோர் நகரத்துச் சேவல்கள் அத்தனையும் சாட்சியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த சபதம் இது.

பன்னிரண்டு வருஷமாக, தலைநகரத்தை ஒட்டிய மக்காத்தியில் வேலை. எட்டு மணிக்குள் போய்ச் சேர நாலுக்கே எழ வேண்டும். ஜீப்னி என்கிற எங்கள் ஊர்க் குட்டி பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தால் கை வைக்க இடம் இருக்காது. வியர்வைக்காக என் சட்டை முதுகில் மனைவி லிகாயா சொருகிவிடும் துண்டைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அதில் எனக்கு வெட்கமில்லை. தெரு முழுக்க அதே சட்டம்தான்.

அன்று ரொட்டிக்கூடைக்கு அடியில் ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. சொகுசு விரைவுப் பேருந்தாம். பாக்கோரில் ஏறினால் மக்காத்தியில்தான் கதவு திறக்குமாம்.

"லிகாயா, இனி இதுலதான் போகப்போறேன். ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்."

"முடி வளர்ற எண்ணெய்க்கும் இப்படித்தான் விளம்பரம் போட்டான். நீயும் தேய்ச்சே."

என் கை தானாகத் தலையைத் தடவியது. விட்டேனா?

"ஒரு வாரம் சோதிச்சுப் பாக்கறேன். நிமிஷக் கணக்கா எழுதித் தர்றேன்."

"போற நேரம் மட்டும் எழுதினா ஆச்சா? அஞ்சரைக்கு வேலை முடிஞ்சு, இந்த வாசல்ல எப்போ கால் வைக்கறே? அதையும் எழுது."

"எழுதறேன்."

"கீழ கையெழுத்தும் போடு."

"முழுப் பேரையே போடறேன், போ."

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கியது. கையில் நோட்டு, கழுத்தில் கடிகாரம். வரிசையில் நின்ற நேரம், வண்டி நகர்ந்த நேரம், முழங்கால் முன்சீட்டில் இடித்த தடவை, எதையும் விடவில்லை. இறங்கியதும் முதுகுத் துண்டை உருவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் நடத்துநர் என்னை அரசாங்க அதிகாரி என்று நினைத்து, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். அதையும் 'உபசரிப்பு நன்று' என்று குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் டோமிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்பவன். என் மகனுக்கு ஞானத்தந்தை. அதனால் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிடுவோம். தினமும் வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் சுட்ட கோழிக்குடல் விற்கும் கடைக்குப் போவோம். ஆளுக்கு இரண்டு பியர், உலக அரசியல் கொஞ்சம். என் ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான். வீடு சேர எட்டரை ஆகும். ஏன் லேட் என்று லிகாயா கேட்டால் ஒரே வார்த்தை: டிராஃபிக். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள்.

ஆராய்ச்சி வாரத்தில் நான் கடைப்பக்கமே போகவில்லை. வேலை முடிந்தால் நேரே பேருந்து. வியாழக்கிழமை டோமிங் என்னை மடக்கினான்.

"கும்பாரே, போற கணக்கை மட்டும் குடு. வர்ற கணக்கை விட்டுடு."

"அரைகுறையா செய்யறது எனக்குப் பிடிக்காது."

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறே."

"உன் வீட்டுப்பக்கம் இந்த பஸ் வரலைன்னு உனக்குப் பொறாமை."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். எனக்கு அது உறைக்கவில்லை.

சனிக்கிழமை அறிக்கையை நீட்டினேன். நாலு பக்கம். காலையில் பேருந்துக்குள் நாற்பத்தெட்டு நிமிடம். மாலையில் ஐந்து நாளும் ஆறே முக்காலுக்குள் வாசல். லிகாயா வரி விடாமல் படித்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. சம்மதம் என்று சொல்லி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து வாதத்தில் நான் ஜெயித்தது அன்றுதான்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு எழுந்தேன். ராஜாவாகப் போனேன். வெற்றியைக் கொண்டாட சாயங்காலம் டோமிங்கோடு கடைக்கும் போனேன். வீட்டு வாசலில் கால் வைத்தபோது எட்டரை.

"ஏன் லேட்?"

"டிராஃபிக்."

லிகாயா கோபப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போய் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாக வாசித்தாள்.

"'மேம்பாலத்தின் வழியே செல்வதால் எந்த நெரிசலும் இந்தப் பேருந்தைத் தொடாது.' தியோஃபிலோ கத்தாகுத்தான், இது யார் கையெழுத்து?"

அவள் என் முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"நடுவுல ஒரு இடத்துல பஸ் நின்னு..."

"நடுவுல எங்கேயும் நிக்காதுன்னு எழுதியிருக்கே. அடிக்கோடு வேற."

"சரி, நான் பழையபடி ஜீப்னியிலயே போறேன். நாலு மணிக்கே எழுந்துக்கறேன்."

"நாலு மணிக்கு எழுந்து உனக்குப் பூண்டுச்சோறு கிளறித் தர்றது யாரு? பன்னிரண்டு வருஷமா நானும்தான் தூங்கல. ரெண்டு பேரும் ஆறு மணிக்கே எழுந்துக்கலாம். நாளையிலேருந்து ஆறே முக்காலுக்கு நீ வீட்டுல இருப்பே. ராத்திரிச் சமையல் உன்னோடது."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தப் பாழாப்போன விளம்பரத்தை ரொட்டிக்கூடைக்கு அடியில எவன் கொண்டுவந்து வச்சான்?"

"கூடையைத் தினமும் மேஜையில வைக்கறது யாரு?" என்றபடி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து என் தோளில் போட்டாள். "மீன் மேல்தட்டுல இருக்கு. இன்னிக்கே ஆரம்பி."