அடைகாத்த சைன்போர்டு

தலையில் சைன்போர்டு வைத்துக்கொண்டு நடப்பவனிடம் யாரும் வழி கேட்க மாட்டார்கள். சாப்பாடுதான் கேட்பார்கள். பெரியபாளையத்தைத் தாண்டும் முன்பே இது எனக்குத் தெரிந்துவிட்டது. போர்டில் சிவப்பு எழுத்தில் ‘சாப்பாடு தயார்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு வாழையிலை, அதன்மேல் குன்றுபோல் சோறு. எதிரே வந்த வண்டிக்காரர் மாடுகளை இழுத்து நிறுத்தி, “இன்னா கொயம்பு?” என்று கேட்டார். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன்.

திருவள்ளூரில் நான் மேசை துடைத்துக்கொண்டிருந்த ஹோட்டலை முதலாளி மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நல்ல மனிதர். போகும்போது ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரக்கு மாஸ்டர் இட்லிக் கொப்பரையைத் தூக்கினார். சப்ளையர்கள் பெஞ்சுகளைத் தூக்கினார்கள். நான் கோயில் குளத்தில் குளித்து, கிராப்பு சீவி, சாவகாசமாக வந்து சேர்ந்தபோது வாசலில் தொங்கிய போர்டு மட்டும் மிச்சம் இருந்தது. (அந்த வயதில் எனக்குச் சோற்றைவிடக் கிராப்பு முக்கியம்.) அது ஒரு தகரப் பெட்டி. முன்னால் பால் நிறக் கண்ணாடி, உள்ளே வரிசையாகக் குண்டு பல்புகள், பின்னால் பல்பு மாற்ற ஒரு சின்னக் கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எந்த வேலையிலும் நான் ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை நின்றதில்லை. வேலை போனால் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். கல்கத்தா ரோட்டோரம் மாமா லாரிகளுக்குப் பஞ்சர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சோத்துக்கு இல்லாம வருவன்னு தெரியும்டா. சோத்து போர்ட தூக்கினு வருவன்னு தெரியாது.”

மாமா அதைப் பழைய இரும்புக் கடையில் போடச் சொன்னார். போட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் மங்கம்மா என்று ஒரு பெண். ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அவள் கட்டடத்தில் சித்தாள். தலையில் சாந்துச் சட்டி சுமந்து சுமந்து உச்சியில் முடி கொட்டிவிட்டது. ஒரு கோழியை அடை வைத்திருந்தாள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்தால் சாந்துச் சட்டியைக் கீழே போட்டுவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். நான் போய் இறங்கிய அன்று கீரி அந்தக் கோழியைக் கடித்துப் போட்டுவிட்டது. பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, சூடு ஆறிவிடக் கூடாதே என்று அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தெருவில் வேறு அடைக்கோழியும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் அன்று விஞ்ஞானி மாதிரி பேசினேன். கோழி என்ன செய்கிறது, சூடுதானே கொடுக்கிறது, இந்த போர்டும் கொடுக்கும் என்றேன். (எனக்கு இருந்த ஒரே ஆதாரம், மார்கழிக் குளிரில் ஹோட்டல் பூனை அந்த போர்டுக்குப் பின்னால்தான் குட்டி போட்டது.)

மங்கம்மா போர்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வேறு வழியில்லை. “கூமுட்டையா போச்சுன்னா நீதான் அட ஒக்காரணும், சொல்ட்டேன்” என்று மடியை அவிழ்த்தாள்.

வீட்டில் மின்சாரம் கிடையாது, கடையில் மட்டும்தான். அதனால் ஒயர் எட்டிய கடை முகப்பில் பெட்டியை வைத்தோம். கீரிக்குப் பயந்து கதவுப் பக்கத்தை உள்ளே பார்க்கத் திருப்பினோம். வைக்கோல் பரப்பி, கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்து, சூடு கூடியதும் பாதி பல்புகளைக் கழற்றினேன். மங்கம்மா ஒரு முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்த்துத் தலையாட்டினாள். எனக்குப் பட்டம் வாங்கியது போல் இருந்தது.

பொழுது சாய்ந்தது. போர்டு அதன் பழைய வேலையையும் பார்க்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு லாரி வந்து நின்றது. பஞ்சர் என்று நினைத்து மாமா ஜாக்கியை எடுத்தார். டிரைவர் இறங்கி, ட்யூப் முக்கிப் பார்க்கும் தொட்டியில் கை கால் முகம் கழுவி, ஒரு டயரின்மேல் உட்கார்ந்து இலை போடச் சொன்னார். சாப்பாடு இல்லை என்றதும் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் போவதற்குள் அடுத்த லாரி.

நான் யோசனைக்குக் குறைந்தவன் இல்லை. கண்ணாடிமேல் கோணி போட்டேன். உள்ளே சூடு ஏறிவிட்டது. மங்கம்மா கோணியால் என்னையே அடித்தாள். பெட்டியைத் திருப்பி வைத்தால் கதவு தெருப்பக்கம் வரும், கீரிக்கு விருந்து. கடைசியில் கரியால் கீழே ‘இல்லை’ என்று பெரிதாக எழுதினேன். டிரைவர்கள் ‘சாப்பாடு தயார் இல்லை’ என்று படித்துவிட்டு, அப்படியானால் தயார் ஆகட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். வியாழக்கிழமைக்குள் பொரித்துவிடும், விளக்கை அணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, வந்தவர்களிடமெல்லாம், “வெள்ளிக்கியம வாங்கண்ணா, ரெடியா இருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை ஒரு முட்டையும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை முட்டைக்குள்ளிருந்து கொத்தும் சத்தம் கேட்டது. மங்கம்மா வேலையிலிருந்து நேராக வந்து, காலில் சாந்தோடு பெட்டிக் கதவு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இப்போது விளக்கை அணைத்தால் எல்லாம் போச்சு. அதே நேரம் ரோட்டோரம் வரிசையாக லாரிகள் வந்து நின்றன. நான் சொன்ன சொல்லை நம்பி வந்தவர்கள். நான் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முன்னால் வந்தவர் நெல்லூர்க்கார டிரைவர். கடைக் கதவை அடைக்கும் உடம்பு. “இன்னா நைனா, வாரம் பூரா லைட்டு போட்டுகினு கீறீங்க, அடுப்பே பத்த வைக்கல. டப்பு குடுக்க மாட்டோம்னு நென்ச்சீங்களா?” என்றார். மாமா டயர் அடுக்கைக் காட்டினார். (உறவு என்றால் அப்படி இருக்க வேண்டும்.)

“வெளிய வாய்யா. போர்டு உன்துதான” என்றாள் மங்கம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் வெளியே வந்து கோழி, கீரி, பல்பு என்று என்னவோ உளறினேன். நெல்லூர்க்காரருக்கு அதில் ஒரு சொல் மட்டும் பிடித்துவிட்டது. கடைக்குள் வந்து, குனிந்து, பின்கதவு வழியாகப் பெட்டிக்குள் பார்த்தார்.

“முட்ட கீதே. ஆம்லெட் போடு.”

கையை விட்டு ஒன்றை எடுத்தும்விட்டார். மங்கம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாந்துச் சட்டி தூக்கிய கை. அவரால் அசைக்க முடியவில்லை. அந்த நிலையிலேயே முட்டை விரிந்தது. முதலில் ஒரு மூக்கு, பிறகு நனைந்த கழுத்து. அவ்வளவு பெரிய ஆள் உள்ளங்கையை விரித்தபடி மூச்சுவிடப் பயந்து நின்றார்.

“யம்மா,” என்றார் ரகசியம் போல, “இத இன்னா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாத. கைய ஆட்டாத.”

பிறகு யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. டிரைவர்களும் கிளீனர்களும் பெட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். அடுத்தது எந்த முட்டை என்று பந்தயம் வேறு. ஒன்று வெளியே வரும்போதெல்லாம் ஒரு கிளீனர் ஓடிப்போய் ஹாரன் அடித்துவிட்டு வந்தான்.

ஆனால் பசி திரும்பி வந்தது. அக்கா கருவாட்டுக் குழம்பு கூட்டினாள். சோறு வடிப்பதை நான் ஏற்றுக்கொண்டேன், ஹோட்டலில் இருந்தவன் அல்லவா. அடியில் கரி, மேலே அரிசி, நடுவில் கஞ்சி என்று ஒரே பானையில் மூன்று பதம் வந்தது. நெல்லூர்க்காரர் இடது கையில் குஞ்சை வைத்துக்கொண்டு வலது கையால் தின்றார்.

“கொயம்பு சோக்கா கீது. சோறு யாரு ஆக்குனது?”

அத்தனை கைகளும் என்னைக் காட்டின. அந்தக் கைகள் இன்னும் இறங்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் சாப்பாடு தாமதமானால், “வெள்ளிக்கியம வாங்கண்ணா” என்று பேரப்பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். அந்த அடையில் இரண்டு முட்டைதான் கூமுட்டை. மூன்றாவது நான் என்று மங்கம்மா புதுச் சம்பந்திகளிடம்கூடச் சொல்லுவாள். அதைத் தெரிந்துகொண்டேதான் என்னைக் கட்டிக்கொண்டாள்.

குஞ்சு பொரித்த மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றிவிட்டு, சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்காவின் பெரிய பானை கொதித்தது. போர்டு கடை முகப்பிலேயே இருந்தது. கரியால் நான் எழுதிய ‘இல்லை’யை ஈரத்துணியால் துடைத்திருந்தாள். வேறு ஊருக்குக் கிளம்பலாம் என்று கிராப்பு சீவிக்கொண்டு வெளியே வந்த என்னிடம் தேங்காய் நாரையும் சாம்பலையும் நீட்டினாள். பானைப் பக்கம் மட்டும் வரக்கூடாது என்றாள்.

முந்தின ராத்திரி எச்சில் தட்டுகள் தொட்டி ஓரம் குவிந்து கிடந்தன. உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தேன்.