முள் அசையும்வரை

மைதா இரண்டு கப் என்றால் எத்தனை கிராம் என்ற கேள்வியில் குமாஸ்தாவின் குடும்ப வாழ்க்கை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா அவர். எதையும் எடை போட்டே பழகியவர். "சமையல் என்ன பெரிய வித்தை, அளந்து கொட்டினா முடிஞ்சது" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லப்போக, மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு நிபந்தனை: அவர் அளந்து கொட்டி ஒரு சாக்லேட் கேக் செய்ய வேண்டும். அவள் அப்பா வந்து சாப்பிட்டுப் பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால்தான் திரும்பி வருவாள். அவள் இல்லாத வீட்டில் குமாஸ்தாவுக்குத் தூக்கமும் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

இன்று மாலை மாமனார் வருகிறார். செய்முறையில் எல்லாமே கப், ஸ்பூன். குமாஸ்தாவிடம் இருந்ததோ ஆபீசில் கெஞ்சி வாங்கி வந்த பார்சல் தராசு.

மச்சினிக்குப் போன் போட்டு, ஒரு கப் எவ்வளவு என்று கேட்டார். அவள் ஏதோ வேலையாக இருந்தாள். இருநூற்று நாற்பது மில்லி என்று சொல்லி வைத்துவிட்டாள். அரை லிட்டர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பார்த்தார். அரைக் கிலோ. ஆக, மில்லியும் கிராமும் ஒன்று. கப்பில் எதைப் போட்டாலும் இருநூற்று நாற்பது கிராம். இதற்கா பெண்கள் இத்தனை அலட்டிக்கொள்கிறார்கள் என்று சிரித்தார். மனுஷன் அன்றைக்குச் சிரித்தது அத்தோடு சரி.

மைதாவும் கோகோ பொடியும் அந்தக் கணக்கில் விழுந்தன. கோகோ இரண்டு டப்பா காலியானபோதே சந்தேகப்பட்டிருக்கலாம். தராசு பொய் சொல்லுமா என்று விட்டுவிட்டார். பாலை ஊற்றிக் கலக்கினால், மாவில் கரண்டி நட்டுவைத்தாற்போல் நின்றது.

மறுபடி போன்.

"அத்தான், ஒரு கப் பஞ்சும் ஒரு கப் மணலும் ஒரே எடையா? மைதா ஒரு கப் நூத்தி இருபத்தஞ்சு கிராம்தான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"கப் எவ்வளவுன்னுதானே கேட்டீங்க."

மைதா ஏறக்குறைய இரண்டு பங்கு விழுந்துவிட்டது. இனி அள்ளவும் முடியாது. மற்றதையெல்லாம் இரண்டு பங்காக்கினார். சர்க்கரைக்கும் கப் நூற்று இருபத்தைந்து என்றே பிடித்தார். சர்க்கரை மைதாவைவிடக் கனம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பேக்கிங் பவுடர் நான்கு ஸ்பூன். வீட்டில் ஒரு ஸ்பூன்போல் இன்னொன்று இல்லை, அதனால் அதையும் தராசில் போட்டார். மூட்டை நிறுக்கும் தராசு, முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டார். முள் அசையும்வரை போட்டார்.

ஓவனில் கேக் எழுந்தது. எழுந்து பாத்திரத்தைத் தாண்டி வெளியே வந்தது. குமாஸ்தா பதறிப்போய்க் கதவைத் திறந்து, கரண்டியால் தட்டி உட்காரவைக்கப் பார்த்தார். அது நடுவில் பொத்தென்று அமுங்கி, ஓரமெல்லாம் கருகி இறுகிவிட்டது. ஒரு துண்டை வாயில் போட்டார். கசந்தது. பிறகு உப்புக் கரித்தது. பிறகு பல் வலித்தது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதார்.

வாசல் மணி அடித்தது. மாமனார்தான்.

குமாஸ்தா தட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் கடித்தார். மென்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மென்றார். இடையிடையே ஜன்னல் பக்கம் வேறு பார்த்துக்கொண்டார். தட்டில் குறைந்தபாடில்லை.

"துப்பிடுங்க மாமா. நான் தோத்துட்டேன். அவ அங்கேயே நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லிடுங்க."

மாமனார் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்து, வாயிலிருந்ததை ஒருவழியாக உள்ளே தள்ளினார்.

"நீங்க மாவைத் தொடறதுக்கு முன்னாடியே அவ பெட்டியைக் கட்டிட்டா மாப்ள. கீழ வண்டியிலதான் உக்காந்திருக்கா, நான் எப்படா சாப்பிட்டு முடிப்பேன்னு."